வாசகர் கேள்வி – பதில்: பேக்கப்புக்கு எத்தனை டேப் வாங்க வேண்டும்?

கணினித் தரவின் பிரதியை எழுதி வைக்கும் பேக்கப் டேப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை விட்டு, தொழிலையும் இடத்தையும் மட்டும் தருகிறோம். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவை என்பதால் அதை முதலில் வாசியுங்கள்.

எங்கள் சேர்வரில் 28 டெராபைட் இருப்பதாக விண்டோஸ் காட்டுகிறது. அதில் 8 டெராபைட் எஸ்க்யூஎல் தரவுத்தளமும் வேர்ட், எக்செல் கோப்புகளும். மிச்சம் 20 டெராபைட்டும் ஸ்கேன் செய்த பிடிஎஃப், படங்கள். ஆண்டுக்கு 20 சதவீதம் கூடுகிறது. எல்டிஓ-8 (எல்டிஓ என்பது டேப் வகை, எண் அதன் தலைமுறை) டிரைவ் ஒன்றுடன் 24 டேப் கொள்ளும் லைப்ரரி (டேப்பைத் தானே மாற்றிப் போடும் பெட்டி) வாங்கியிருக்கிறோம். ஞாயிறு முழுப் பேக்கப், திங்கள் முதல் சனி வரை இன்கிரிமென்டல் (முந்திய பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எழுதுவது). தினசரிப் பிரதி 14 நாள், கிழமைப் பிரதி 4 கிழமை, மாதப் பிரதி 12 மாதம், ஆண்டுப் பிரதி 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது நிர்வாகம். 10 டேப் போதும் என்கிறார் விற்பனையாளர். போதுமா?
— கணக்காய்வு நிறுவனமொன்றின் கணினிப் பிரிவு, பம்பலப்பிட்டி

போதாது. மூன்றாவது ஞாயிறு இரவே லைப்ரரி "புது டேப் போடு" என்று கேட்டு நின்றுவிடும். உங்கள் ஒரு முழுப் பேக்கப்புக்கு இன்றைய நிலையில் 3 டேப் போகும். கிழமைநாள் இன்கிரிமென்டலுக்கு இன்னொன்று. இரண்டு கிழமையில் 8 முடிந்துவிடும். மூன்றாவது ஞாயிறு கையில் இருப்பது 2, தேவை 3. முதல் ஞாயிறு எழுதிய டேப்பை இன்னும் தொட முடியாது, அது நான்கு கிழமைக்கு மேலே எழுத முடியாதபடி மென்பொருளின் பூட்டில் இருக்கிறது.

விற்பனையாளர் தரவின் அளவை மட்டும் பார்த்து, டேப்பின் கொள்ளளவால் வகுத்திருப்பார். அந்த வகுத்தல் சொல்வது ஒரு முழுப் பேக்கப் எத்தனை டேப்பில் அடங்கும் என்பதை மட்டுமே. வாங்க வேண்டிய எண்ணிக்கையை முடிவு செய்வது கலண்டர்: ஒரே நேரத்தில் எத்தனை டேப் பூட்டில் கிடக்கும், எந்த நாளில் எது விடுபடும் என்பதுதான் கணக்கு. ஒரு தாளை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போடுவோம்.

முதலில் அலகு. விண்டோஸ் காட்டும் டெராபைட் 1024இன் பெருக்கத்தில் எண்ணப்படுவது. டேப் தயாரிப்பவர்கள் 1000இன் பெருக்கத்தில் எண்ணுகிறார்கள். விண்டோஸின் 1 டெராபைட், டேப் கணக்கில் ஏறக்குறைய 1.1 டெராபைட். ஆகவே உங்கள் 28 என்பது டேப்புக்கு 30.8. இந்த ஒரு இடத்திலேயே பத்து சதவீதம் கைநழுவிப் போகிறது.

அடுத்தது சுருக்கம். எல்டிஓ-8 பெட்டியில் 30 டெராபைட் என்று பெரிதாகவும், 12 டெராபைட் என்று சிறிதாகவும் அச்சிட்டிருக்கும். 12தான் உண்மையான கொள்ளளவு. 30 என்பது தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துப் போட்ட எண். ஸ்கேன் பிடிஎஃப், ஜேபெக் படம், வீடியோ எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, டிரைவ் அவற்றை இன்னும் சுருக்காது. உங்கள் 20 டெராபைட் அப்படியே 20தான். தரவுத்தளமும் அலுவலகக் கோப்புகளும் சுருங்கும். 1.6 மடங்கு என்று வைத்தால் 8 டெராபைட் 5 ஆகும். மொத்தம் 25, டேப் கணக்கில் 27.5 டெராபைட். இந்த 1.6ஐ நம்பி நீங்கள் காசு போட வேண்டாம். ஒரு முழுப் பேக்கப்பை ஓட்டி, ஜொப் (ஒரு தடவை ஓடும் பேக்கப் வேலை) அறிக்கையில் வாசித்த அளவையும் டேப்பில் எழுதிய அளவையும் பார்த்து உங்கள் சொந்த விகிதத்தை எடுங்கள். எஸ்க்யூஎல் பேக்கப்பை மென்பொருளே சுருக்கித் தருகிறதென்றால் விகிதம் 1 என்றே போடுங்கள்.

டேப்பை விளிம்பு வரை நிரப்புவதாகக் கணக்குப் போடாதீர்கள். எழுதும்போது பிழை வந்த துண்டை டிரைவ் சற்றுத் தள்ளி மறுபடியும் எழுதும், அந்த நீளம் கொள்ளளவில் குறையும். 12இல் 90 சதவீதம், அதாவது 10.8 என்று எடுங்கள். 27.5ஐ 10.8ஆல் வகுத்தால் 2.55. முழு எண்ணாக 3. ஆண்டுக்கு 20 சதவீத வளர்ச்சியில் பதினோராவது மாதமளவில் 32.4ஐத் தாண்டுவீர்கள், அன்று முதல் 4. அந்த 4, இன்றிலிருந்து ஏறத்தாழ இரண்டரை ஆண்டு வரை தாங்கும். ஆகவே ஒரு செட், அதாவது ஒரு முழுப் பேக்கப்புக்கான டேப்புகள், என்றால் 4 டேப் என்று வைத்துத் திட்டமிடுவோம்.

இனிக் கலண்டர்.

தினசரி: ஒரு நாளில் மாறுவது 2 சதவீதம் என்றால் 0.55 டெராபைட், ஆறு நாளுக்கு 3.3. ஒரே டேப்பில் தொடர்ந்து எழுதினால் கிழமைக்கு ஒரு டேப் போதும். 14 நாள் என்பது இரண்டு கிழமை, ஆகவே 2 டேப் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். தப்பு இங்கேதான் நடக்கிறது. டேப் விடுபடுவது அதில் கடைசியாக எழுதிய பிரதி காலாவதியான பிறகு. திங்கள் 1ஆம் நாள் என்றால் சனி 6ஆம் நாள், அந்தச் சனிப் பிரதி 20ஆம் நாள்தான் காலாவதியாகும். 15ஆம் நாள் திங்கள் வரும்போது முதல் டேப் இன்னும் பூட்டில் இருக்கும். ஆகவே 3.

கிழமை: மாதத்தின் கடைசி ஞாயிறு மாதப் பிரதியாகிவிடும். ஐந்து ஞாயிறு வரும் மாதத்தில்கூட கிழமைப் பிரதி நான்குதான். ஆகவே 4 செட்.

மாதம்: டிசம்பர்ப் பிரதி ஆண்டுப் பிரதியாகப் போய்விடுவதால் 11 செட். ஆனால் ஒரு செட்டை மேலதிகமாகச் சேருங்கள். காரணம் இது: 2027இல் ஜனவரியின் கடைசி ஞாயிறு 31ஆம் திகதி. 2028இல் அது 30ஆம் திகதி. இடையில் 364 நாள். மென்பொருளில் 365 நாள் என்று கொடுத்திருந்தால் போன ஆண்டின் ஜனவரி செட் ஒரு நாள் பாக்கியுடன் பூட்டிலேயே இருக்கும், ஜொப் டேப் இல்லாமல் நிற்கும். காலத்தை 51 கிழமை என்று கொடுத்தாலும் இது தீரும். ஆனால் பழைய செட்டின் மேல் எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவ் பழுதானால் அந்த மாதத்துக்குப் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாகும். அதற்காகவாவது ஒரு செட் சுழற்சிக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஆண்டு: இந்த ஆண்டுக்கு 1 செட். ஏழு ஆண்டுக்கானதையும் இப்போதே வாங்குவது வீண், அதற்குள் டிரைவே மாறிவிடும்.

கூட்டினால் 4, 11, 1, 1 ஆக 17 செட். செட்டுக்கு 4 வீதம் 68. தினசரி 3 சேர்த்தால் 71. பழுதாகும் டேப்புக்கு மாற்றாக 4 சேர்த்தால் 75. டிரைவின் தலையைத் துடைக்கும் துப்புரவு டேப் 2 தனி.

75ஐயும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. இன்று செட்டுக்கு 3 போதுமென்பதால், முதல் மூன்று மாதத்துக்குக் கிழமை 12, மாதம் 9, தினசரி 3, மாற்று 3 ஆக 27 டேப். பிறகு காலாண்டுக்கு 9. ஆண்டு முடிவில் நான்காவது டேப்புகளைச் சேருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து சேரவேண்டிய பொருள் என்பதால் கையில் எப்போதும் ஒரு மாதத்துக்கான செட் உடைக்காமல் இருக்கட்டும்.

லைப்ரரியில் 24 இடம்தானே என்று கவலை வேண்டாம். இந்தக் கிழமையின் செட், அடுத்த கிழமைக்கான வெற்றுச் செட், தினசரி டேப், துப்புரவு டேப் ஆகியவைதான் உள்ளே இருக்க வேண்டியவை. மற்றவை வெளியே, வேறு கட்டடத்தில்.

75 டேப்புக்கு நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது. குறைக்க வழியில்லையா?
— அதே வாசகர்

இருக்கிறது. வைத்திருக்கும் காலத்தை வெட்டுவதற்கு முன் தரவைப் பிரியுங்கள். உங்கள் 20 டெராபைட் ஸ்கேன்களில் கணக்கு மூடிய ஆண்டுகளுடையவை இனி ஒருபோதும் மாறாது. அவை 15 டெராபைட் என்று வைப்போம். மாறாத அந்த 15 டெராபைட்டை ஒவ்வொரு ஞாயிறும் மறுபடி எழுதுகிறீர்கள்.

அதை எடுத்துத் தனியாக ஆவண டேப்பில் இரண்டு பிரதி எழுதி, வாசித்துச் சரிபார்த்து, எழுது பூட்டைப் போட்டு, இரண்டையும் இரண்டு இடத்தில் வையுங்கள். டேப் கணக்கில் 16.5 டெராபைட், பிரதிக்கு 2 டேப், மொத்தம் 4. முழுப் பேக்கப்பில் மிஞ்சுவது 11 டெராபைட், 10.8ஐச் சற்றுத் தாண்டுவதால் செட்டுக்கு 2. 17 செட்டுக்கு 34, தினசரி 3, ஆவணம் 4, மாற்று 2. மொத்தம் 43. ஆண்டு மூடியதும் அந்த ஆண்டின் ஸ்கேன்களையும் ஆவணத்துக்கு நகர்த்திக்கொண்டே போனால்தான் செட் இரண்டிலேயே நிற்கும். மறந்தால் இரண்டாம் ஆண்டில் 3 ஆகிவிடும்.

சரிபார்க்காமல் சேர்வரிலிருந்து அழித்துவிட வேண்டாம். இரண்டு டேப்பிலிருந்தும் சில கோப்புறைகளை வேறொரு கணினிக்கு மீட்டுத் திறந்து பார்த்த பிறகுதான் அழிக்கலாமா என்ற பேச்சே. இடம் இருந்தால் அழிக்கவே வேண்டாம், முழுப் பேக்கப் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும்.

எங்கள் ஆய்வுகூடத்தில் தரவு குறைவு, 3 டெராபைட்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் டேப்பை இன்னொரு கிளைக்கு அனுப்ப வேண்டும். ஒரு டேப்பில் பல நாள் பேக்கப் அடங்கும்போது தினம் ஒரு டேப் வீணில்லையா?
— மருத்துவ ஆய்வுகூட ஊழியர், கொட்டாஞ்சேனை

வீணில்லை. வெளியே போன டேப்பில் தொடர்ந்து எழுத முடியாது. தினம் வெளியே போக வேண்டுமென்றால் தினம் ஒரு டேப், அது ஐந்து சதவீதம் நிரம்பியிருந்தாலும். நீங்கள் கொள்ளளவை மறந்துவிட்டு நாட்களை எண்ணுங்கள். கிழமைக்கு ஆறு நாள், 14 நாள் வைத்திருப்பது என்றால் 12. அதோடு 1.

அந்த ஒன்று ஏன்? திங்கள் இரவு 8 மணிக்கு எழுதத் தொடங்கி 8.40க்கு முடிந்த டேப், 14 நாள் கழித்துத் திங்கள் இரவு 8.40க்குத்தான் விடுபடும். அன்றைய ஜொப் தொடங்குவது 8 மணிக்கு. நாற்பது நிமிட வித்தியாசத்தில் டேப் பூட்டில் இருக்கும், ஜொப் டேப் கேட்டுக் காத்திருக்கும், காலையில் வந்து பார்த்தால் பேக்கப் இல்லை. டேப் பழுது என்று நினைத்துப் பலர் டேப்பை மாற்றுகிறார்கள். டேப்பில் பிழை ஒன்றும் இல்லை. வைத்திருக்கும் காலத்தை 13 நாள் என்று குறைத்துக் கொடுங்கள், அல்லது பதின்மூன்றாவது டேப்பை வையுங்கள். இரண்டையும் செய்தால் நல்லது, ஏனென்றால் மழை நாளில் அந்தக் கிளையிலிருந்து டேப் திரும்பி வராமலும் போகும்.

உங்கள் அளவுக்கு எல்டிஓ-9 தேவையே இல்லை. எல்டிஓ-6 (2.5 டெராபைட்) ஒரு முழுப் பிரதிக்குப் போதாது, எல்டிஓ-7 (6 டெராபைட்) தாராளம். டேப் சிறிதானால் விலையும் குறையும், உங்களுக்கு வேண்டியதோ எண்ணிக்கை.

முழுப் பேக்கப் மூன்று நாளாகியும் முடியவில்லை. டிரைவ் விட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்கிறது. டேப் கெட்டுவிட்டதா?
— ஏற்றுமதி நிறுவனம், பேலியகொடை

ஒரு கிகாபிட் வலையமைப்பில் தரவு வருகிறதா என்று பாருங்கள். நடைமுறையில் அது செக்கனுக்கு 110 மெகாபைட் கொண்டுவரும். உங்கள் தரவும் முதல் கேள்வியில் போல 30 டெராபைட் அளவென்றால் ஏறக்குறைய 76 மணித்தியாலம், அதாவது உங்கள் மூன்று நாள். எல்டிஓ-8 டிரைவ் செக்கனுக்கு 300 முதல் 360 மெகாபைட் வரை எழுதக்கூடியது. தரவு மெதுவாக வந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே குறைக்க முடியாது. சுமார் 100 மெகாபைட்டுக்குக் கீழே போனால் எழுதி, நின்று, பின்னால் சுற்றி, மறுபடி எழுதும். நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். டேப் நாடாவும், அதை வாசித்து எழுதும் டிரைவின் தலையும் தேவையில்லாமல் தேயும். நீங்கள் கணக்குப் போட்ட டேப்புகள் காலத்துக்கு முன்பே கழிபடும்.

முதலில் தரவை டேப் டிரைவ் பொருத்திய சேர்வரின் சொந்த டிஸ்க்குக்கு இறக்கி, அங்கிருந்து டேப்புக்கு எழுதுங்கள். இல்லையேல் 10 கிகாபிட் இணைப்புப் போடுங்கள். 300 மெகாபைட் வேகத்தில் முதல் கேள்வியின் 27.5 டெராபைட்டை எழுத 25 மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஆகும். சரிபார்ப்பு வாசிப்பையும் சேர்த்தால் அது இரட்டிப்பாகும். ஞாயிறு ஒரு நாளுக்குள் இரண்டும் முடியாது என்று தெரிந்தால் இரண்டாவது டிரைவ் வேண்டும், டேப்பைக் கூட்டுவதால் வேகம் வராது. இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் டிஸ்க்கிலிருந்து வாசிப்பதே தாமதமாகும் என்பதையும் பாருங்கள்.

எல்டிஓ-9 டிரைவ் வாங்கினோம். புது டேப் போட்டால் ஒரு மணித்தியாலம் வரை ஒன்றும் நடக்காமல் நிற்கிறது. எங்களிடம் எல்டிஓ-7 டேப் 40 இருக்கிறது, அதையும் அது ஏற்கவில்லை.
— தனியார் கல்வி நிறுவனம், தெஹிவளை

முதலாவது, பழுதல்ல. எல்டிஓ-9இல் ஒவ்வொரு புது டேப்பையும் டிரைவ் முதன்முறை ஒருதடவை அளந்து தன்னைப் பொருத்திக்கொள்ளும். சராசரியாக 40 நிமிடம், சில டேப்புக்கு இரண்டு மணித்தியாலம் வரை. இடையில் வெளியே எடுக்க வேண்டாம், கரண்டையும் நிறுத்த வேண்டாம். வாங்கி வந்த டேப்புகளை பேக்கப் இல்லாத பகல் நேரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு இந்த வேலையை முடித்து வையுங்கள். பேக்கப் இரவில் 4 புது டேப்பை நம்பினால் மூன்று நான்கு மணித்தியாலம் அதிலேயே போய்விடும். டேப் டிரைவ் இருக்கும் அதே அறையின் குளிரில் ஒரு நாள் கிடந்த பிறகு இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, வருத்தமான செய்திதான். எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8ஐ வாசிக்கும், எழுதும். எல்டிஓ-7ஐ வாசிக்கவும் செய்யாது. அதேபோல எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 வரைதான். எல்டிஓ-7 டிரைவ் வரை இரண்டு தலைமுறை பின்னால் வாசிக்கலாம் என்று இருந்தது, அதன் பிறகு ஒன்றாகக் குறைந்தது. ஆகவே பழைய டிரைவை விற்றுவிடாதீர்கள். அதை வைத்துக்கொண்டு, இன்னும் காலம் மிச்சமுள்ள டேப்புகளை மட்டும் புதியவற்றுக்கு மாற்றுங்கள். 6 டெராபைட்டின் 40 டேப் முழுதாக நிரம்பியிருந்தால் 240 டெராபைட். 18 டெராபைட்டில் 90 சதவீதம் 16.2. வகுத்தால் 15 டேப். புது டேப் கணக்கில் இந்த 15ஐயும் சேர்க்க மறக்க வேண்டாம். ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டியவை உள்ள எல்லா இடத்திலும் இந்த வரி கணக்கில் வரும்.

கல்யாண வீடியோ எடுப்பவன். ஒரு கல்யாணம் சுமார் 400 கிகாபைட், ஆண்டுக்கு 60. தனி எல்டிஓ-8 டிரைவ் வாங்க எண்ணம். எத்தனை டேப்?
— ஸ்டூடியோ உரிமையாளர், வெள்ளவத்தை

ஆண்டுக்கு 6. வீடியோ சுருங்காது. 10.8 டெராபைட்டில் 27 கல்யாணம் அடங்கும், 60க்கு 3 டேப். இரண்டு பிரதி கட்டாயம், ஆகவே 6. எல்டிஎஃப்எஸ் முறையில் எழுதினால் டேப் ஒரு டிஸ்க் போலக் கோப்புறைகளுடன் தெரியும். ஆனால் ஒரு கல்யாணத்தைப் பாதி இந்த டேப்பிலும் பாதி அடுத்ததிலும் தானாகப் பிரிக்காது, மிஞ்சும் இடம் சின்னதென்றால் அடுத்த டேப்புக்குப் போய்விடுங்கள். இன்னொன்று: டேப்பில் ஒரு கோப்புறையை அழித்தால் பெயர் போகும், இடம் திரும்பி வராது. எடிட் முடியாத வேலையை டேப்பில் ஏற்றி ஏற்றி அழித்தால் 6 டேப் 10 ஆகிவிடும். முடிந்த வேலையை மட்டும் ஏற்றுங்கள். எந்தக் கல்யாணம் எந்த டேப்பில் என்ற பட்டியல் டேப்புக்கு வெளியேயும் இருக்க வேண்டும், தாளிலேயே எழுதி வைத்தாலும் சரி.

டேப்பைக் கொழும்பின் ஈரக்காற்றில் எங்கே வைப்பது? வீட்டு அலுமாரி போதுமா?
— வாசகி, மட்டக்குளி

வீட்டு அலுமாரி வேண்டாம். நீண்டகாலம் வைக்கும் டேப்புக்குத் தயாரிப்பாளர்கள் சொல்வது 16 முதல் 25 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 20 முதல் 50 சதவீதம். கொழும்பில் ஏசி இல்லாத அறையில் ஈரப்பதன் ஆண்டு முழுவதும் இதைத் தாண்டியே நிற்கும். வங்கி லொக்கரோ, இரவும் பகலும் ஏசி ஓடும் இன்னொரு கிளை அலுவலகமோ நல்லது. இரவில் ஏசியை நிறுத்தும் அறை, எப்போதும் சற்றுச் சூடாக இருக்கும் அறையைவிட மோசம்: குளிர்வதும் சூடாவதுமாக நாடா தினமும் இழுபடும். காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்து, ஈரப்பதன் காட்டும் சிறு மீட்டரையும் உள்ளே போடுங்கள். பொட்டலம் நிறம் மாறினால் மாற்றுங்கள்.

டேப்பைப் படுக்க வைக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். தரைத்தளமும் நிலக்கீழ் அறையும் கூடாது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நின்றது என்பது உங்கள் பகுதியினருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அலுவலகமும் டேப் வைக்கும் இடமும் ஒரே வெள்ளத்தில் அகப்படாதபடி தெரிவு செய்யுங்கள்.

கொண்டுபோகும்போது: குளிரறையிலிருந்து எடுத்த டேப்பை வெளியே வெயிலில் திறந்தால் குளிர்ந்த போத்தலில் போலவே அதன் மேலும் நீர் பனிக்கும். உறையை மூடியபடியே கொண்டுபோய், போய்ச் சேர்ந்த இடத்தில் 24 மணித்தியாலம் விட்ட பிறகு டிரைவில் போடுங்கள். நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுப் போகவே கூடாது.

கீழே விழுந்த டேப்பை அப்படியே டிரைவில் போடாதீர்கள். ஒரு மூலையில் உள்ள சிறு கதவை விரலால் தள்ளிப் பாருங்கள். உள்ளே நாடாவின் நுனியில் ஓர் உருக்குக் கம்பித்துண்டு இரண்டு பிடிகளுக்கு நடுவே நேராக நிற்க வேண்டும். டிரைவ் அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் நாடாவை வெளியே இழுக்கிறது. அது சரிந்திருந்தாலோ காணாவிட்டாலோ டேப் உள்ளே சிக்கி, டிரைவையும் சேர்த்துப் பழுதாக்கும். நாடாவில் விரல் படக் கூடாது. இப்படி ஒன்றிரண்டு போகும் என்பதற்காகத்தான் மாற்று டேப்பைக் கணக்கில் சேர்க்கச் சொன்னோம்.

டேப்பைக் குறியாக்கம் (திறப்பு இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றுவது) செய்தால் அதிக டேப் தேவைப்படுமா?
— நிதி நிறுவனம், கொள்ளுப்பிட்டி

எங்கே செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எல்டிஓ-4 முதல் டிரைவுக்குள்ளேயே ஏஇஎஸ் 256 பிட் குறியாக்கம் இருக்கிறது. டிரைவ் முதலில் சுருக்கி, பிறகு குறியாக்கும், ஆகவே டேப் எண்ணிக்கை மாறாது. பேக்கப் மென்பொருள் சுருக்காமல் குறியாக்கி அனுப்பினால் டிரைவினால் ஒன்றையும் சுருக்க முடியாது. முதல் கேள்வியில் 8 டெராபைட் 5 ஆனதே, அது மறுபடி 8 ஆகிவிடும். மொத்தம் 27.5க்குப் பதில் 30.8. இன்றைக்கு 3 டேப்பில் அடங்கினாலும் வளர்ச்சி கணக்கில் நாலாவது டேப் பல மாதம் முன்னதாகவே வந்துவிடும்.

வாடிக்கையாளர் விபரம் உள்ள டேப் தெருவில் போகிறதென்றால் குறியாக்கம் செய்தே அனுப்புங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாட்டில் இதை அலட்சியம் செய்ய முடியாது. குறியாக்கத் திறப்பை அதே சேர்வரில் மட்டும் வைத்தால் சேர்வர் போகும் நாளில் 75 டேப்பும் பிளாஸ்டிக்தான். அச்சிட்ட ஒரு பிரதி உறையிலிட்டு லொக்கரில், இன்னொன்று வேறொரு பொறுப்பாளரிடம். டேப்புடன் ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம்.

நாஸ் பெட்டியில் (வலையமைப்பில் இணைந்த டிஸ்க் பெட்டி) தினமும் பிரதி விழுகிறது. டேப் உண்மையிலேயே வேண்டுமா?
— மொத்த வியாபாரம், புறக்கோட்டை

வேண்டும். இல்லாவிட்டால் கழற்றி வைக்கக்கூடிய வேறு ஏதாவது வேண்டும். 2023 ஆகஸ்ட்டில் லங்கா அரச கிளவுட், தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயர் தாக்குதலுக்கு உள்ளானபோது சேவை மீண்டும் இயங்கியது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை, அந்தக் காலத்துக்கு இணைப்பிலிருந்து விலக்கி வைத்த பிரதி இருக்கவில்லை. உங்கள் நாஸும் சேர்வருடன் எப்போதும் இணைந்தே கிடக்கிறது, சேர்வருக்குள் புகுந்தவர் அதற்குள்ளும் புகலாம். தரவு ஒன்றிரண்டு டெராபைட் என்றால் டேப் டிரைவுக்குச் செலவழிக்க வேண்டாம், வெளி டிஸ்க் மூன்றை மாறி மாறிக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாலே போதும்.

ஒரு டேப்பை எத்தனை தடவை எழுதலாம்? துப்புரவு டேப்பைக் கிழமைதோறும் போடலாமா?
— வாசகர், கிருலப்பனை

முதல் கேள்வியில் சொன்ன சுழற்சியில் தினசரி டேப் ஒன்று ஆண்டுக்கு 17 தடவை அளவில்தான் முறை வரும், மாத டேப் ஒரு தடவை. இந்த வேகத்தில் டேப் தேய்ந்து போவதைவிட விழுந்தும் ஈரம் பட்டும் போவதே அதிகம். வயதைப் பார்த்துக் கழிக்காமல் பிழையைப் பார்த்துக் கழியுங்கள். டேப்புக்குள் ஒரு நினைவுச் சில்லு இருக்கிறது, எத்தனை தடவை ஏற்றப்பட்டது, எவ்வளவு பிழை திருத்தப்பட்டது என்பது அதில் பதியும். லைப்ரரியின் இணையப் பக்கத்தில் அதைப் பார்க்கலாம். ஒரே டேப் இரண்டு வெவ்வேறு டிரைவில் எச்சரிக்கை தந்தால் டேப்பைக் கழியுங்கள். பல டேப் ஒரே டிரைவில் தந்தால் டிரைவைப் பாருங்கள்.

துப்புரவு டேப்பை டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள். அது தலையை உரசித்தான் துடைக்கிறது, அடிக்கடி போட்டால் தலை தேயும். பொதுவாக ஒன்று 50 தடவைக்கு வரும். முடிந்த பிறகும் லைப்ரரியில் கிடந்தால் டிரைவ் துப்புரவாகாமலே ஓடும், ஆகவே ஒவ்வொரு தடவையும் உறையில் ஒரு கோடு போட்டு வையுங்கள். லேபல் சிஎல்என் என்ற எழுத்துகளில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் லைப்ரரி அதைத் தரவு டேப் என்று எண்ணி எழுதப் பார்க்கும். தரவு டேப்பின் லேபலில் ஆறு எழுத்தும் கடைசியில் எல்8 அல்லது எல்9 என்ற தலைமுறைக் குறியும் வரும். ஒரே எண்ணில் இரண்டு லேபல் அச்சிட்டுவிட்டால் மென்பொருள் எந்த டேப்பைக் கேட்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போகும். லேபலை மொத்தமாக, வரிசை எண்ணுடன் ஒரே தடவையில் வாங்கி, பயன்படுத்திய எண்களைப் பதிவுப் புத்தகத்தில் குறியுங்கள்.